பிரித்துப் பார்க்கும் ஊரில் காப்புரிமை

அவிநாசி சாலையில் கோல்டுவின்ஸ் பக்கம் ஏறி உப்பிலிபாளையத்தில் இறங்கும் மேம்பாலம் 2025 அக்டோபரில் ஜி.டி.நாயுடுவின் பெயரோடு திறக்கப்பட்டது. அந்தப் பெயருக்கு உரியவரின் தொழில் வாழ்க்கை ஒரு மோட்டார் சைக்கிளில் தொடங்கியது. கலங்கல் கிராமத்துப் பக்கம் வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் வண்டியைப் பார்த்துச் சொக்கிப்போன இளைஞர், கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் திருகு திருகாகக் கழற்றிப் போட்டார். மறுபடி மாட்டினார். இன்ஜினியரிங் படிப்பு அவருக்கு அவ்வளவுதான். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார்.

கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொள்வது கோவைக்கு அன்றும் இன்றும் கைவந்த கலை. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. அதன் பின்னால் வரிசையாக மில்கள் வந்தன. இயந்திரங்கள் கப்பலில் வந்தவை. பல் சக்கரம் ஒன்று உடைந்தால் மாற்றுக்குச் சீமையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. உடைந்ததைப் பட்டறைக்குக் கொண்டுபோய், அதை வைத்தே அச்சு எடுத்து, வார்த்து, லேத்தில் கடைந்து மாட்டினார்கள். 1930-களில் பைக்காரா மின்சாரம் இறங்கி வந்ததும் மில்களும் கிணற்று பம்புகளும் பெருகின. 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி.நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின் மோட்டாரை இங்கேதான் செய்தார்கள். அடுத்தவன் செய்ததைப் பார்த்துச் செய்வதை இந்த ஊர் ஒருநாளும் திருட்டென்று நினைத்ததில்லை. வித்தை என்றுதான் நினைத்தது.

காப்புரிமைச் சட்டம் நேர் எதிரான எண்ணத்தில் பிறந்தது. இந்தியாவில் அது 1856-ல் வந்தது. முதலில் விண்ணப்பித்தவர் கல்கத்தாவில் இருந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங். அவர் பாதுகாப்புக் கேட்டது பங்கா இழுக்கும் பொறிக்கு. துரைமார்களுக்குக் காற்று வீசியதுதான் நம் நாட்டுக் காப்புரிமையின் முதல் வேலை. 1911-ல் வந்த சட்டம்தான் நாயுடுவின் தொழில் வாழ்க்கையில் பெரும்பகுதி நடப்பில் இருந்தது. நாயுடுவோ செய்து குவித்தார்: உலர் மின்கலத்தில் ஓடும் ‘ரசந்த்’ சவரக் கருவி, மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, ஓட்டுப் பதிவு இயந்திரம். 1952-ல் 2,000 ரூபாய்க்கு இரண்டு பேர் போகும் கார் ஒன்றையும் ஓட்டிக் காட்டினார். அது சந்தைக்கு வராமல் போனதற்கு யாரும் யோசனையைத் திருடியது காரணமில்லை; அரசாங்கம் உரிமம் தரவில்லை. அந்தத் தலைமுறையின் கவலை வேறு. யோசனை தன்னுடையதாகவே இருந்தாலும், அதைச் செய்து விற்க டெல்லியில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது.

வெட் கிரைண்டரின் கதை இன்னும் சுவையானது. ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவிதான் சுற்றும். இட்லிக்கு ஆட்டிய கை அதை மறக்காது. கிரைண்டரில் இது தலைகீழ். அடிக்கல் பொருத்திய பாத்திரம் மோட்டாரால் சுற்றுகிறது, குழவி ஓரிடத்தில் பிடித்து நிறுத்தப்பட்டிருக்கிறது. 1955-ல் கோவையில் பி.சபாபதி இதை அறிமுகப்படுத்தினார். ஆனால் இது ஒளித்து வைக்கக்கூடிய யோசனையா? மூடியைத் திறந்து ஐந்து நிமிடம் பார்த்தால் போதும், பட்டறைக்காரருக்கு எல்லாம் விளங்கிவிடும். கல்லுக்கு ஊத்துக்குளி இருந்தது, மோட்டாருக்கு உள்ளூர் ஆலைகள், வார்ப்புக்குத் தெருவுக்கு ஒரு பவுண்டரி. தெருத்தெருவாகக் கிரைண்டர் பட்டறைகள் முளைத்தன. சாய்த்து மாவை ஊற்றும் கிரைண்டர், மேஜைமேல் வைக்கும் கிரைண்டர் என்று ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார்கள்.

அரை நூற்றாண்டு கழித்துத்தான் சட்டம் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. 2005-06 வாக்கில் ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடு பெற்றது. அதைப் பெற்றவர்கள் உற்பத்தியாளர் சங்கத்தார். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. புவிசார் குறியீடு காப்பது பெயரை மட்டும். வேறு ஊரில் செய்த கிரைண்டருக்குக் கோவைப் பெயரை ஒட்ட முடியாது. அதே கிரைண்டரைச் செய்து வேறு பெயரில் விற்பதை யாரும் தடுக்கவும் முடியாது. பொறி எப்போதோ ஊர்ப் பொதுச் சொத்தாகிவிட்டது. அதனால் கோவை கெட்டுப்போனதாகச் சொல்ல முடியாது. 1950-களின் சட்டம் ஒரு கண்டுபிடிப்புக்கு 16 ஆண்டு தனியுரிமை தந்தது. அது ஒருவர் கையிலேயே நின்றிருந்தால், இத்தனை பட்டறைகள் 1970-கள் வரை காத்துக்கிடந்திருக்கும்.

இந்தத் தாராளம் பட்டறை வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகும். பட்டறையும் முதலும் இல்லாமல், யோசனையை மட்டும் வைத்துக்கொண்டு பெரிய கம்பெனியின் கதவைத் தட்டுபவரின் கணக்கு வேறு. அமெரிக்காவில் ராபர்ட் கேர்ன்ஸ், விட்டுவிட்டுத் துடைக்கும் கார் வைப்பரை 1960-களில் ஃபோர்டு நிறுவனத்துக்குக் காட்டினார். கம்பெனி அவரைக் கைவிட்டது. பிறகு அதேபோன்ற வைப்பர் அவர்களது கார்களிலேயே வந்தது. அவரிடம் காப்புரிமை இருந்ததால்தான் வழக்காவது போட முடிந்தது. 1990-ல் ஃபோர்டு 1 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. அதற்குள் அவருடைய வாழ்நாளில் பல ஆண்டுகள் கோர்ட்டில் கழிந்திருந்தன.

கோவையிலேயே வேறு விதமாக நடந்ததும் உண்டு. அருணாசலம் முருகானந்தம் 1990-களின் இறுதியில் சானிட்டரி நாப்கினைக் கையில் எடுத்தபோது, ஊர் வழக்கப்படி அதையும் பிரித்துத்தான் பார்த்தார். உள்ளே இருப்பது பஞ்சல்ல, மரக்கூழ் நார் என்று தெரியவே இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. மில் முதலாளி என்று சொல்லி வெளிநாட்டு நிறுவனத்திடம் மாதிரி வரவழைத்தார். நாரைப் பிரிப்பது, வடிவமாக அழுத்துவது, உறையிட்டு ஒட்டுவது, புற ஊதாக் கதிரில் கிருமி நீக்குவது என்று கோடிக்கணக்கில் விலைபோகும் ஆலையைச் சில சின்ன எந்திரங்களாகச் சுருக்கினார். 2006-ல் சென்னை ஐ.ஐ.டி.க்குக் கொண்டுபோனார், தேசியப் புத்தாக்க அறக்கட்டளையின் விருதும் கிடைத்தது. காப்புரிமையும் எடுத்தார். பெரிய நிறுவனங்கள் விலை பேசியபோது மறுத்து, மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கே எந்திரத்தைக் கொடுத்தார். மறுப்பதற்கு, முதலில் அது தன்னுடையதாக இருக்க வேண்டும் அல்லவா?

காப்புரிமை புதியதற்குத்தான் கிடைக்கும்; அந்தப் ‘புதிது’ என்ற சொல்லைச் சட்டம் கறாராக எடுத்துக்கொள்கிறது. காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் சொன்னால் சிரிப்பார்கள். இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களையும் ஆய்விதழ்க் கட்டுரையையும் காட்டி வழக்காடியது. 1997-ல் அந்தக் காப்புரிமை ரத்தானது. உலகத்துக்கு ஏற்கெனவே தெரிந்ததை ஒருவர் தனதென்று சொல்ல முடியாது என்ற அதே விதி, சொந்தக் கண்டுபிடிப்பாளரையும் கடிக்கும். கொடிசியா வளாகத்துக் கண்காட்சியில் கடை போட்டு, எந்திரத்தை ஓட்டிக் காட்டி, நோட்டீஸும் கொடுத்த பிறகு விண்ணப்பித்தால், ‘இது ஏற்கெனவே வெளியான விஷயம்’ என்று அதிகாரி கையை விரிக்கலாம். மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிகளுக்குத்தான் 12 மாத விலக்கு உண்டு. ஒப்பந்தம் இல்லாமல் வாங்குபவரிடம் விளக்கமாகக் காட்டுவதும் ஆபத்துதான்.

ஆகவே கம்பெனிக்காரரைப் பார்க்கக் கிளம்பும் முன் செய்ய வேண்டியது, தற்காலிக விவரக்குறிப்போடு ஒரு விண்ணப்பம். எந்திரம் முழுமையாகத் தயாராக வேண்டும் என்பதில்லை; அது எப்படி வேலை செய்கிறது என்று எழுத்திலும் படத்திலும் தெளிவாக இருந்தால் போதும். அன்றைய தேதி உங்களுடையதாகிவிடும். முழு விவரக்குறிப்பைக் கொடுக்க 12 மாதம் அவகாசம். விலை பேச, ஆள் பிடிக்க, எந்திரத்தைத் திருத்த அந்த ஓராண்டு போதும். காப்புரிமை கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. தென்மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது, கோவையில் இருந்தபடியே இணையத்தில் அனுப்பலாம். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய்.