இருவர் பாராகிளைடிங்

இருவர் பாராகிளைடிங் என்பது, பயிற்சி பெற்ற பறப்பாளர் ஒருவரும் பயணி ஒருவரும் ஒரே துணி இறக்கையின் கீழ் இணைந்து பறக்கும் வான் விளையாட்டு ஆகும். இதில் பொறி எதுவும் பயன்படுத்தப்படுவதில்லை. மலைச்சரிவில் இருந்து ஓடிப் புறப்பட்டு, காற்றில் சறுக்கியபடி பறந்து, சமதளத்தில் இறங்குவதே இதன் அடிப்படை முறையாகும். பயணிக்கு முன் அனுபவம் தேவையில்லை என்பதால், விடுமுறைக்காக மலைப்பகுதிகளுக்குச் செல்வோரில் பலர் முதன்முதலில் பறப்பது இம்முறையிலேயே ஆகும்.

இருவர் பறத்தலில் இறக்கையை இயக்குவதும் முடிவுகளை எடுப்பதும் பறப்பாளரின் பொறுப்பாகும். எனினும் பயணி வெறும் சுமை அல்லர். புறப்படும்போது நிற்காமல் ஓடுவது, வார்ப்பட்டைகள் பூட்டப்பட்டுள்ளனவா என்று பார்ப்பது, ஐயம் இருந்தால் பறக்க மறுப்பது ஆகிய மூன்றும் பயணியின் கையில் உள்ளன. பறத்தலின் பாதுகாப்பு ஓரளவுக்கு இவற்றைச் சார்ந்தே அமைகின்றது.

பிற விளையாட்டுகளில் இருந்து வேறுபாடு

பாராகிளைடிங் பெரும்பாலும் பாராசெயிலிங்குடன் குழப்பிக்கொள்ளப்படுகின்றது. கடற்கரைகளில் காணப்படும் பாராசெயிலிங்கில், வான்குடையை ஒரு படகு கயிற்றால் இழுத்துச் செல்லும். கயிறு விடுபட்டால் வான்குடை கீழே இறங்கிவிடும். பாராகிளைடிங் இறக்கை எதனுடனும் பிணைக்கப்படாமல் தானாக முன்னோக்கிப் பறக்கின்றது. விமானத்தில் இருந்து குதிக்கும் வான்குடை விளையாட்டில், குதித்த பின்னரே வான்குடை விரிகின்றது. பாராகிளைடிங்கிலோ கால்கள் தரையை விடுவதற்கு முன்பே இறக்கை தலைக்கு மேல் முழுமையாக விரிந்திருக்கும். எனவே பயணி எந்தக் கட்டத்திலும் குதிப்பதில்லை.

வரலாறு

காற்று புகுந்து நிரம்பும் அறைகளைக் கொண்ட துணி இறக்கையை 1960களில் அமெரிக்கரான டொமினா ஜல்பர்ட் உருவாக்கினார். இன்றைய பாராகிளைடிங் இறக்கைகளுக்கு இதுவே முன்னோடி ஆகும். மற்றொரு அமெரிக்கரான டேவிட் பாரிஷ், தாம் வடிவமைத்த துணி இறக்கையைக் கொண்டு 1965 ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தின் ஹன்டர் மலைச்சரிவில் பறந்தார். இம்முயற்சி அப்போது பரவலாகவில்லை.

1978 ஆம் ஆண்டில் பிரான்சின் ஆல்ப்சு மலைப்பகுதியில் உள்ள மியூசி என்னும் ஊரில், ழான்-குளோட் பெத்தோம், ஆந்திரே பான், ஜெரார் போசோன் ஆகிய வான்குடை வீரர்கள் மூவர் மலைச்சரிவில் இருந்து ஓடிப் பறந்தனர். விமானச் செலவு இல்லாமல் வான்குடையைப் பயன்படுத்தும் வழியாகவே அவர்கள் இதனைத் தொடங்கினர். இதன் பின்னர் இவ்விளையாட்டு ஐரோப்பாவில் விரைவாகப் பரவியது. பன்னாட்டு வான் விளையாட்டுக் கூட்டமைப்பின் முதலாவது உலகப் போட்டி 1989 ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவின் கோசன் நகரில் நடைபெற்றது.

கருவிகள்

இறக்கை, கிழிசல் பரவாத வகையில் நெய்யப்பட்ட நைலான் துணியால் ஆனது. இதன் முன்விளிம்பில் திறப்புகள் உள்ளன. முன்னோக்கிப் பறக்கும்போது இத்திறப்புகளின் வழியே புகும் காற்று அறைகளை நிரப்பி, இறக்கைக்கு விறைப்பான வடிவத்தைத் தருகின்றது. தனியாள் இறக்கையின் பரப்பளவு பொதுவாக 20 முதல் 30 சதுர மீட்டர் வரை இருக்கும். இருவர் இறக்கையின் பரப்பளவு ஏறத்தாழ 40 சதுர மீட்டர் ஆகும்.

இறக்கையில் இருந்து வரும் மெல்லிய, உறுதியான கயிறுகள் இருபுறமும் ஒன்றுசேர்ந்து, ஒவ்வொரு புறமும் ஓர் இணைப்புத் துண்டில் மாட்டப்படுகின்றன. இதே துண்டில் பறப்பாளரின் இருக்கையும் பயணியின் இருக்கையும் கொக்கிகளால் இணைக்கப்படும். பயணி முன்புறமும் பறப்பாளர் அவருக்குப் பின்புறமும் அமர்கின்றனர். பறப்பாளரின் கைகளில் இரண்டு தடைக் கயிறுகள் இருக்கும். வலது கயிற்றை இழுத்தால் இறக்கையின் வலப்புறப் பின்விளிம்பு கீழ்நோக்கி வளைந்து, இறக்கை வலப்புறம் திரும்பும். இரண்டையும் ஒன்றாக இழுத்தால் வேகம் குறையும்.

இவற்றுடன் இருவரின் எடையையும் தாங்கக்கூடிய அவசர வான்குடை ஒன்று, இருவருக்கும் தலைக்கவசங்கள், ஏறும் அல்லது இறங்கும் வேகத்தை ஒலியால் அறிவிக்கும் கருவி ஆகியனவும் பயன்படுகின்றன. அவசர வான்குடை விரிவதற்குப் போதிய உயரம் வேண்டும். தரைக்கு மிக அருகில் அது உதவாது. ஆகவே பறத்தலின் மிகவும் கவனம் வேண்டிய கட்டங்கள், பலர் அஞ்சுவது போல நடுவானம் அல்ல, புறப்பாடும் இறக்கமுமே ஆகும்.

பறத்தலின் இயற்பியல்

அமைதியான காற்றில் இருவர் இறக்கை மணிக்கு ஏறத்தாழ 38 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். ஒவ்வொரு மீட்டர் உயரத்தை இழக்கும்போதும் ஏறத்தாழ 8 மீட்டர் தூரம் முன்னேறும். இதன்படி இறங்கும் வேகம் நொடிக்கு 1.3 மீட்டர் அளவில் அமைகின்றது. 1,000 மீட்டர் உயர வேறுபாடு கொண்ட மலையில் இருந்து, ஏறுகாற்றின் உதவி இல்லாமல் இறங்க ஏறத்தாழ 13 நிமிடங்கள் ஆகும்.

பயணியின் எடை பறக்கும் வேகத்தை மாற்றுகின்றது. வேகம், மொத்த எடையின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் அமையும். கருவிகளுடன் மொத்த எடை 170 கிலோகிராம் என்று கொள்வோம். அதே இறக்கையில் பயணி 25 கிலோகிராம் கூடுதலாக இருந்தால் வேகம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். ஆனால் முன்னேறும் தூரத்தின் விகிதம் பெரிதாக மாறாது. எடை கூடிய பயணி விரைவாகப் பறந்து, ஏறத்தாழ அதே இடத்தைச் சற்று முன்னதாக அடைவார். ஒவ்வோர் இறக்கைக்கும் தயாரிப்பாளர் குறித்துள்ள எடை வரம்பு உண்டு. பறப்பாளர் பயணியின் எடையைக் கேட்பது இதற்காகவே. அதனைக் குறைத்துச் சொல்வது தவறான இறக்கையைத் தேர்ந்தெடுக்க வழிவகுக்கும்.

வெயிலால் சூடாகும் பாறைச் சரிவுகளில் இருந்தும் தரையில் இருந்தும் வெப்பக் காற்று மேலெழுகின்றது. இவ்வேறுகாற்றினுள் வட்டமிடுவதன் மூலம் இறக்கை உயரத்தைப் பெறுகின்றது. பருந்துகள் சிறகசைக்காமல் மேலேறுவதும் இவ்வாறே ஆகும். எனவே பருந்துகள் வட்டமிடும் இடத்தைப் பறப்பாளர்கள் நாடிச் செல்வதுண்டு.

பறத்தலின் படிநிலைகள்

புறப்பாடு

பறப்பாளர் இறக்கையைச் சரிவில் விரித்து, கயிறுகளில் சிக்கல் உள்ளதா என்று பார்க்கின்றார். பின்னர் பயணியின் மார்புப் பட்டையும் கால் பட்டைகளும் பூட்டப்படுகின்றன. கால் பட்டைகள் பூட்டப்படாவிட்டால் பயணி இருக்கையில் இருந்து நழுவ நேரும் என்பதால், இவற்றைப் பயணி தாமும் தொட்டுப் பார்த்து உறுதிசெய்தல் நன்று.

எதிர்க்காற்று சீராக வீசும்போது இருவரும் கீழ்நோக்கி நடக்கத் தொடங்குகின்றனர். இறக்கை மேலெழும்போது பின்னோக்கி இழுப்பது போன்ற விசை உணரப்படும். பழக்கமில்லாத பயணி இந்நிலையில் நின்றுவிடவோ உட்கார்ந்துவிடவோ முற்படுவது இயல்பு. ஆனால் முன்னோக்கிச் சாய்ந்து, தொடர்ந்து ஓடுவதே தேவை. பயணி முன்கூட்டியே உட்கார்ந்தால் அவரது எடை பறப்பாளரின் கால்கள் மீது விழும். ஓட்டம் தடைப்பட்டு இருவரும் சரிவில் விழக்கூடும். கால்கள் காற்றில் அசைந்த பின்னரும், பறப்பாளர் சொல்லும் வரை ஓட்டத்தை நிறுத்தக்கூடாது.

உயரமான இடங்களில் இந்த ஓட்டம் மேலும் இன்றியமையாதது ஆகின்றது. 2,400 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 79 விழுக்காடு மட்டுமே. இதனால் அதே எடையைத் தூக்க ஏறத்தாழ 12 விழுக்காடு கூடுதல் வேகம் வேண்டும். எடுத்துக்காட்டாக, கடல் மட்டத்தில் மணிக்கு 25 கிலோமீட்டர் காற்றுவேகத்தில் எழும் இறக்கை, இவ்வுயரத்தில் 28 கிலோமீட்டரில் எழும். எதிர்க்காற்று மணிக்கு 10 கிலோமீட்டர் என்றால், கால்கள் தரவேண்டிய வேகம் 15 இல் இருந்து 18 கிலோமீட்டராக உயர்கின்றது.

வானில்

தரையை விட்டபின் பறப்பாளரின் சொற்படி பயணி இருக்கையில் பின்னோக்கி நகர்ந்து அமர்கின்றார். இதன்பின் உடல் முழுவதும் தாங்கப்படுவதால், உயரத்தில் நிற்கும்போது ஏற்படும் அச்சம் பலருக்குக் குறைகின்றது. காற்றின் ஒலியும் குளிரும் தெளிவாக உணரப்படும். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியசு குறைவதால், கீழே வெயில் இருந்தாலும் காற்றுத் தடுக்கும் மேலாடை தேவைப்படுகின்றது.

ஏறுகாற்றில் தொடர்ந்து வட்டமிடும்போது சிலருக்குக் குமட்டல் உண்டாகும். தொலைவில் உள்ள அடிவானத்தைப் பார்ப்பது இதனைக் குறைக்கும். பறப்பாளரிடம் உடனே கூறினால் அவர் வட்டமிடுவதை நிறுத்தி, நேராகப் பறந்து இறங்க இயலும். செங்குத்துச் சுழல் போன்ற விளையாட்டு அசைவுகளில் உடல் எடை இருமடங்குக்கும் மேலாக உணரப்படும். இவற்றை வேண்டாம் என்று சொல்லும் உரிமை பயணிக்கு உண்டு.

கொந்தளிப்பான காற்றில் இறக்கையின் ஒரு பகுதி சில நொடிகள் மடங்கக்கூடும். இருவர் இறக்கைகள் பொதுவாக நிலைத்தன்மை கருதி வடிவமைக்கப்படுவதால், போதிய உயரம் இருப்பின் இவை பெரும்பாலும் விரைவில் மீண்டும் விரிந்துவிடுகின்றன.

இறக்கம்

பறப்பாளர் காற்றின் எதிர்த்திசையில் திரும்பி, தரையை அணுகியதும் இரண்டு தடைக் கயிறுகளையும் முழுமையாக இழுக்கின்றார். இறக்கை வேகம் இழந்து மெதுவாகக் கீழே அமர்கின்றது. பயணி எழுந்து நின்று சில அடிகள் ஓடவேண்டுமா, அல்லது கால்களை முன்னே உயர்த்தி அமர்ந்தபடியே சறுக்கி இறங்கவேண்டுமா என்பதைப் பறப்பாளர் முன்கூட்டியே கூறுவார்.

வானிலை

பாராகிளைடிங் இறக்கையின் வேகம் குறைவு என்பதால், காற்று சற்று வலுத்தாலும் அது முன்னேற இயலாமல் போகும். மலையின் காற்று மறைவுப் பக்கத்தில் சுழல்காற்று உண்டாகின்றது. இடிமேகங்கள் இறக்கையை மேலே உறிஞ்சிக்கொள்ளும் அளவுக்கு வலிமையான ஏறுகாற்றைக் கொண்டவை. கோடையின் நண்பகலில் ஏறுகாற்று மிகவும் வலுவாகவும், காலையிலும் மாலையிலும் மென்மையாகவும் இருக்கும். முதன்முறை பறப்பவருக்கு இம்மென்மையான வேளைகளே ஏற்றவை.

புறப்பாட்டுத் தளத்தில் நெடுநேரம் காத்திருக்க நேர்வதும், பறத்தல் கைவிடப்படுவதும் இவ்விளையாட்டில் வழமையானவை. விடுமுறையின் கடைசி நாளில் பறக்கத் திட்டமிடுவோர், காற்று சரியில்லாதபோதும் பறக்கும்படி வற்புறுத்த நேர்கின்றது. வேறொரு நாளுக்கு மாற்றக்கூடிய வகையில் திட்டமிடுவது இந்நெருக்கடியைத் தவிர்க்கும்.

பிர்-பில்லிங்

இந்தியாவில் இருவர் பாராகிளைடிங்குக்குப் பெயர்பெற்ற இடம், இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தில் உள்ள பிர்-பில்லிங் ஆகும். தௌலாதர் மலைத்தொடரில் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் உள்ள பில்லிங் புல்வெளி புறப்பாட்டுத் தளமாகவும், அதற்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் கீழே உள்ள பிர் ஊர் இறங்கு தளமாகவும் விளங்குகின்றன. பிர் ஊரில் 1960களில் நிறுவப்பட்ட திபெத்திய அகதிகள் குடியிருப்பும் பௌத்த மடங்களும் உள்ளன. பயணிகள் பிர் ஊரில் இருந்து மலைப்பாதையில் வண்டியில் ஏறி, பறந்து திரும்புகின்றனர்.

2015 ஆம் ஆண்டிலும் 2024 ஆம் ஆண்டிலும் இங்கு பாராகிளைடிங் உலகக் கிண்ணப் போட்டிகள் நடைபெற்றன. மழைக்காலத்திற்குப் பிந்தைய அக்டோபர், நவம்பர் மாதங்களும் இளவேனிற் காலமும் பறப்பதற்கு ஏற்றவை. மழைக்காலத்தில், ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை, மாநில அரசு பாராகிளைடிங்குக்குத் தடை விதிக்கின்றது.

நேபாளத்தின் பொக்காராவை அடுத்த சாரங்கோட், துருக்கியின் ஓலுதெனிசு கடற்கரைக்கு மேலுள்ள பாபாதாக் மலை, சுவிட்சர்லாந்தின் இண்டர்லாக்கன் ஆகியன உலக அளவில் அறியப்பட்ட பிற இடங்கள் ஆகும். இந்தியாவில் மகாராட்டிரத்தின் காம்சேத், கேரளத்தின் வாகமண் ஆகிய இடங்களிலும் இவ்விளையாட்டு நடைபெறுகின்றது.

பாதுகாப்பும் ஒழுங்குமுறையும்

இமாச்சலப் பிரதேசத்தில் இருவர் பறத்தலை நடத்தும் பறப்பாளர்கள் மாநிலச் சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருத்தல் வேண்டும். இவ்வாறான விதிகள் இருந்தும் உயிரிழப்புகள் நிகழ்ந்துள்ளன. 2025 ஜனவரியில் இதே மாவட்டத்தின் தரம்சாலா அருகே, புறப்பாட்டின்போது நேர்ந்த விபத்தில் சுற்றுலாப் பயணி ஒருவர் இறந்தார். பதிவு பெற்ற தளம் என்பது மட்டுமே ஒவ்வொரு பறத்தலுக்கும் உறுதி ஆகாது என்பதை இது காட்டுகின்றது.

முதன்முறை பறப்பவர் காற்றைக் கணிக்கவோ இறக்கையின் நிலையை மதிப்பிடவோ இயலாது. ஆனால் பின்வருவனவற்றைக் கேட்டறிய இயலும்:

- பறப்பாளரிடம் இருவர் பறத்தலுக்கான உரிமம் உள்ளதா? தனியாகப் பறப்பதற்கான தகுதி மட்டும் போதுமானது அன்று.
- இருவரின் எடைக்கும் ஏற்ற அவசர வான்குடை இணைக்கப்பட்டுள்ளதா?
- தலைக்கவசம் பயணியின் தலைக்குப் பொருந்தி, பட்டை இறுக்கப்பட்டுள்ளதா?
- காப்பீடு பயணியையும் உள்ளடக்குகின்றதா?
- வானிலையால் பறத்தல் கைவிடப்பட்டால் கட்டணம் திருப்பித் தரப்படுமா?

கடைசிக் கேள்வி பணத்தைப் பற்றியது போலத் தோன்றினும் பாதுகாப்பைச் சார்ந்தது. கட்டணத்தைத் திருப்பித் தரும் நடைமுறை இருந்தால், பணம் வீணாகிவிடுமே என்று பயணி பறக்கத் துணியவேண்டியதில்லை. அண்மையில் அறுவை மருத்துவம் செய்துகொண்டோர், முதுகெலும்பு அல்லது முழங்கால் பாதிப்பு உள்ளோர், இதய நோயாளிகள், கருவுற்ற பெண்கள் ஆகியோர் மருத்துவரைக் கலந்தாலோசிக்காமல் பறத்தல் கூடாது. கேள்விகளுக்குத் தெளிவான விடை கிடைக்காத நிலையிலோ ஓட இயலாத உடல்நிலையிலோ, கால்கள் தரையில் இருக்கும் வரை பறத்தலை மறுக்கலாம்.