தனியறையில் ஒருவேளை: கர்த்தூசியரின் தவக்கால உணவு

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பைத் தமிழ்க் கத்தோலிக்கர் தவக்காலம் என்பர். நாளில் ஒருவேளை மட்டும் நிறைவாக உண்பது ஒருசந்தி, இறைச்சி விலக்கி உண்பது சுத்தபோசனம். இடைக்கால மேற்கு ஐரோப்பாவில் இவ்விரண்டும் சேர்ந்தே கடைப்பிடிக்கப்பட்டதோடு, முட்டையும் பாற்பொருள்களும்கூடப் பொதுவாக விலக்கப்பட்டன. எனினும் அந்நோன்பு உணவு பெரும்பாலும் பந்தி உணவாகவே இருந்தது. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த துறவற ஒழுங்கு, ஒன்றை உண்ண இயலாதவர் மற்றொன்றை உண்ணட்டும் என்று சமைத்த உணவில் இரண்டு வகை வைக்கும் அளவுக்குப் பரிவு காட்டியது. ஆனால் தனியே உண்பதைக் குற்றம் செய்தவருக்குரிய தண்டனையாகவே அது வைத்திருந்தது.

அத்தண்டனையை வாழ்க்கை முறையாகவே ஏற்றவர்கள், 1084இல் புரூனோ என்பவர் பிரான்சின் கிரெனோபிள் நகருக்கு அருகில் ஷார்த்ரூஸ் மலையில் தொடங்கிய கர்த்தூசியத் துறவியர். அவர்களுடைய வழக்கங்களைப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிவைத்த மடத்தலைவர் குயிகோ, ஒவ்வொரு துறவியின் குடிலுக்கும் உரிய பொருள்களை வரிசையாகக் குறிக்கிறார்: இரண்டு பானை, இரண்டு கரண்டி, ரொட்டி வெட்டும் கத்தி, உப்புக்கலம், பருப்பு வகைகளுக்கு இரண்டு சிறு பைகள், தீ மூட்டச் சக்கிமுக்கிக் கல், விறகுக்குக் கோடரி. எதற்காகவும் குடிலைவிட்டு வெளியேற வேண்டியிராதபடி இத்தனையும் கொடுக்கப்பட்டன. அந்தப் பனியிலும் குளிரிலும் நெடுநாள் தங்கிப் பார்க்காமல் இப்பட்டியலைக் கண்டு சிரிக்க வேண்டாம் என்று குயிகோவே கேட்டுக்கொள்வதிலிருந்து, சிரிக்கக்கூடியவர்கள் இருந்தார்கள் என்று ஊகிக்கலாம்.

செப்டம்பர் நடுப்பகுதியிலிருந்து உயிர்ப்பு விழா வரை, விழா நாள்கள் நீங்கலாக, நாளுக்கு ஒருவேளை உணவுதான் என்பதால், தவக்காலம் இவர்களுக்கு நோன்பின் தொடக்கமன்று. நீண்ட குளிர்கால நோன்பின் கடைசிக் கட்டமே. திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாள்களில் ரொட்டியும் நீரும், விரும்பினால் உப்பும் உண்டு. செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாள்களில் பருப்பையோ அதுபோன்ற ஒன்றையோ அவரவர் தம் குடிலிலேயே சமைத்துக்கொள்வர். வியாழன்தோறும் கிடைத்த பாலாடைக்கட்டிக்கும் தவக்காலத்தில் இடமில்லை. முந்தைய நாள் வெறும் ரொட்டியோடு கழிந்திருக்க, மறுநாள் தன் அடுப்பில் தானே வேகவைத்த சூடான பருப்பின் சுவை எப்படியிருந்திருக்கும் என்பதை நோன்பு நூல்கள் பேசுவதில்லை. ஆனால் உணவை இன்பமாகக் கருதாத ஒழுங்கு, எவ்வளவு குழைய விடுவது, எப்போது இறக்குவது என்னும் சிறு உரிமைகளைச் சமைப்பவரிடமே விட்டுவைத்தது. பந்தியில் அமர்ந்த பெனடிக்டியருக்கு அவை வாய்க்கவில்லை.

பிற்காலத்தில் இத்தனிச்சமையல் கைவிடப்பட்டு, பொது அடுக்களையில் சமைத்த உணவு குடிலின் கதவருகே உள்ள சிறு திறப்பின் வழியே வைக்கப்படலாயிற்று. ஞாயிறுகளிலும் பெருவிழாக்களிலும் மட்டும் அனைவரும் உணவறையில் பேசாமல் சேர்ந்து உண்பர். நோயாளிக்கும் இறைச்சி தராத இவர்களுடைய உறுதியைக் கொடுமை என்று குறைகூறியோரும் இருந்தனர். அக்குற்றச்சாட்டை மறுத்து 1300ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனியொரு நூல் எழுதியவர் துறவியல்லர். அரசர்களுக்கும் திருத்தந்தையர்க்கும் மருத்துவம் பார்த்த வில்லனோவா ஊர் அர்னால்டு. இறைச்சியை மறுப்பது நோயாளியைச் சாகவிடுவதற்குச் சமம் என்ற வாதத்தை அவர் இறையியலைக் காட்டிலும் மருத்துவத்தைக் கொண்டே எதிர்த்தார்.