டிஃபால்ட்: தவறிய இடத்தில் நிற்கும் சொல்

கடன் தவணை கட்டத் தவறினால் ‘டிஃபால்ட்’. ஜாவா நிரல்மொழியின் இன்டர்ஃபேஸுக்குள் எழுதும் ஒருவகை மெத்தடுக்கும் அதே பெயர். இரண்டும் ஒரே சொல்தான்.

இதன் வேர் லத்தீன் ‘ஃபால்லெரே’; ஏமாற்றுதல், தவறச்செய்தல் என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியே, ‘குறை’ என்ற பொருளோடு ஆங்கிலத்துக்கு வந்தது. வழக்கில் ஒரு தரப்பு ஆஜராகத் தவறினால் அளிக்கும் தீர்ப்புக்கும் இச்சொல்லே அடைமொழி. ‘யாரும் எதையும் சொல்லாதபோது தானே செல்லுபடியாவது’ என்ற கணினிப் பொருள் பின்னால் வந்தது.

2014 மார்ச்சில் வெளியான ஜாவா 8 இந்தப் பொருளை இன்டர்ஃபேஸுக்குள் கொண்டுவந்தது. அதுவரை இன்டர்ஃபேஸ் மெத்தடின் பெயரை அறிவிக்கும், செயலை எழுதாது. ‘லிஸ்ட்’ என்ற இன்டர்ஃபேஸில் ‘சார்ட்’ மெத்தடை அப்படிப் புதிதாகச் சேர்த்திருந்தால், ‘லிஸ்ட்’டை ஏற்ற பழைய கிளாஸ்கள் மறுபடி கம்பைல் ஆகாமல் நின்றிருக்கும். டிஃபால்ட் மெத்தடாகச் சேர்த்ததால் அந்தச் சிக்கல் எழவில்லை. கிளாஸ் எழுதாமல் விட்டால் இன்டர்ஃபேஸின் நிரல் ஓடும்; எழுதினால் கிளாஸின் நிரலே ஓடும்.

கூடவே இன்டர்ஃபேஸுக்குள் வந்த ‘ஸ்டாட்டிக்’ மெத்தடின் பெயர், ‘நிற்கவைக்கும்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. பெயருக்கேற்ப அந்த மெத்தட் இன்டர்ஃபேஸிலேயே நிற்கும். கிளாஸுக்கு மரபாக இறங்காது. ‘கம்பாரேட்டர்.நேச்சுரல்ஆர்டர்’ என்று இன்டர்ஃபேஸ் பெயரைச் சொல்லித்தான் அழைக்க வேண்டும்.

டிஃபால்ட்டுக்குத் தமிழில் ‘இயல்புநிலை’, ‘முன்னிருப்பு’ இரண்டும் புழங்குகின்றன. எனக்கு ‘முன்னிருப்பு’தான் பிடிக்கும். நாம் எழுதுமுன்பே அங்கே ஒன்று இருக்கிறது என்பதை அது அப்படியே சொல்லிவிடுகிறது.