உப்புக்குப் போட்ட உயிர்வேலி



ஏ.ஓ. ஹியூம் என்றதும் "1885, காங்கிரஸ்" என்று ஒப்பிப்பீர்கள். நான் சொல்லிக்கொடுத்ததும் அவ்வளவுதான். அதே ஹியூம் 1867 முதல் 1870 வரை வெள்ளைக்காரனின் உள்நாட்டுச் சுங்க ஆணையர். வரி கட்டாத உப்பு வங்காளப் பக்கம் போகாமல் தடுக்க, வட இந்தியாவின் குறுக்கே முள்வேலி இருந்தது. வெட்டிப்போட்ட காய்ந்த முள். கரையான் அரித்தது, தீப்பிடித்தது, மக்கியது.

ஹியூம் உயிர்வேலி வளர்க்க முனைந்தார். அந்தந்த மண்ணுக்கும் மழைக்கும் எது பிடிக்கும் என்று கருவேலம், இலந்தை, களா, சப்பாத்திக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் நட்டுப் பார்த்தார். மண் மோசமான இடத்தில் பள்ளம் தோண்டி நல்ல மண் நிரப்பினார்கள். தண்ணீருக்குக் கிணறு, வெள்ளம் தேங்கும் இடத்தில் கரை. நம் பனவடலிசத்திரத்துச் சம்சாரி கிளுவைக் கம்பு ஊன்றி மழைக்குக் காத்திருப்பதும் இதே கணக்குதான். ஆனால் அவர் காப்பது தன் வெள்ளாமையை!

பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் அந்த எல்லையைக் காத்தார்கள். கூலிக்காரன் கஞ்சிக்கு உப்பு வாங்க வரி கட்டினான்.

உப்பு விளையும் சாம்பார் ஏரியே அரசின் கைக்கு வந்து, விளையும் இடத்திலேயே வரி பிடிக்க முடிந்ததும் 1879இல் வேலியைக் கைவிட்டார்கள். வரி 1947 வரை நீடித்தது. ராய் மாக்ஸம் என்ற ஆங்கிலேயர் வருடக்கணக்காகத் தேடி, 1998இல் எடாவா மாவட்டத்தில் அதன் மிச்சத்தைக் கண்டார். ஹியூம் முன்பு கலெக்டராக இருந்த அதே எடாவா.