வேடத்திலிருந்து பெயருக்கு: கொச்சிக் கரையின் பால்புதுமையர் அரங்கு

வைப்பின், ஃபோர்ட் கொச்சி, கோதுருத்து வட்டாரத்து லத்தீன் கத்தோலிக்கர் ஆடிவரும் சவிட்டு நாடகம் தமிழருக்கு அந்நியமான கலை அன்று. அதன் பழைய சுவடிகளில் தமிழும் மலையாளமும் கலந்தே வரும். பயிற்றுவிப்பவர் நம் கூத்து மரபைப் போலவே அண்ணாவி எனப்படுகிறார். மரபைத் தொடங்கியவராகச் சொல்லப்படும் சின்னத்தம்பி அண்ணாவியும் தமிழரே. 'கார்ல்மான் சரித'த்திலும் பிறவற்றிலும் அரசிகளாக வந்து பலகை அதிர மிதித்தவர்கள் நெடுங்காலம் ஆண்கள்தாம். இதைக் காட்டிக் கொச்சியின் பால்புதுமையர் கலைக்குப் பல நூற்றாண்டுத் தொன்மை கற்பிக்க ஆசை எழலாம். அதற்கு இடங்கொடுக்கலாகாது. பெண்களை மேடையேற்றாத சமூகம் ஆணுக்கு அரசியின் அங்கியை மாட்டிவிட்டது. விடிந்ததும் அங்கியைக் கழற்றி வாங்கிக்கொண்டது. ஆடியவர்களுள் சிலருக்கு அது வேடத்துக்கும் மேலாக இருந்திருக்கக் கூடும். சுவடி அதைச் சொல்வதில்லை. எனவே உடையை அளவுகோலாகக் கொள்ளாமல், ஒருவர் தன் பெயரோடும் தன் கதையோடும் எப்போது மேடையேற முடிந்தது என்று கேட்பதே வரலாற்றுக்குப் பயன்படும்.

அந்தக் கேள்விக்கு, கொச்சி-முசிறிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக்காட்சியோடு வெளிநாட்டார் கொண்டுவந்து இறக்கிய சரக்கு இந்த அரங்கு என்பதே எளிதாகக் கிடைக்கும் பதில். ஆண்டுகள் அதற்கு இடந்தரவில்லை. பினாலே தொடங்கியது 2012இல். பெண்விழைப் பெண்களுக்கான சகயாத்ரிகா 2002லேயே இயங்கத் தொடங்கிவிட்டது. கேரளத்தின் முதல் வானவில் பேரணி 2010இல் திருச்சூரில் நடந்தது. பினாலே செய்தது வேறு. அனிதா துபே தொகுத்த 2018ஆம் ஆண்டுப் பதிப்பில், ஆர்யகிருஷ்ணன் 'ஸ்வீட் மரியா மான்யுமெண்ட்' என்ற படைப்பை நிறுவினார். 2012இல் கொல்லத்தில் கொலையுண்ட பால்புதுமையர் செயற்பாட்டாளர் மரியாவின் நினைவாக எழுந்தது அது. தன்பாலுறவு குற்றமல்ல என்று 377ஆம் பிரிவின் மீது உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து மூன்று மாதங்களே ஆகியிருந்தன. கொண்டாட்டத்துக்கு நியாயமிருந்த அந்தப் பருவத்தில், உலகம் பார்க்க வந்த இடத்தில், உள்ளூர்ச் சாவு ஒன்றின் பெயர் நின்றது. இறக்குமதிச் சரக்கில் இப்படிப்பட்ட பெயர் இருக்காது.

அரசே வளர்த்தெடுத்த கலை இது என்பாரும் உண்டு. 2015இல் திருநர் கொள்கையை முதலில் வகுத்த மாநிலம் கேரளம். திருநருக்கான 'வர்ணப்பகிட்டு' கலைவிழாவைச் சமூகநீதித் துறை நடத்துகிறது. ஆனால் ஆதரவுக்கு எல்லை உண்டு. 2017இல் கொச்சி மெட்ரோ 23 திருநரை வேலைக்கு எடுத்தது. வாடகைக்கு வீடு கிடைக்காமல் சிலர் வேலையை விட்டார்கள். அதே ஆண்டு துவயா என்ற திருநர் கலை அமைப்பு கொச்சியில் அழகிப் போட்டி நடத்தியது. போட்டி மேடை பட்டம் சூட்டும்; வீடு மறுத்தவனைப் பற்றிப் பேச அங்கே நேரமிருக்காது. அந்தப் பேச்சு நாடகத்துக்குத்தான் வாய்த்தது. துவயாவின் கலைஞர்கள் தங்கள் வாழ்க்கையிலிருந்தே எடுத்து நடித்த 'பறயான் மறந்ந கதகள்' என்ற நாடகத்தை இயக்கியவர், சென்னைக் கட்டியக்காரி குழுவின் ஸ்ரீஜித் சுந்தரம். இந்தக் கரைக்குத் தமிழ்நாட்டிலிருந்து மறுபடியும் ஓர் அண்ணாவி வந்திருக்கிறார்; இம்முறை ஆடியவர்கள் விடிந்த பிறகும் அதே பெயரோடு வீடு திரும்பினார்கள்.