எலிசபெத் ஃபார்ம்: எல்லாத்தையும் தொட்டுப் பார்க்கலாம்

இந்த எபிசோடு ஒரே ஒரு வீட்டைப் பத்தி. சிட்னிக்கு மேற்கே, பரமட்டா பக்கத்துல ரோஸ்ஹில்ல இருக்கிற பண்ணை வீடு, எலிசபெத் ஃபார்ம். 1793-ல கட்டினது. ஆஸ்திரேலியாவுல ஐரோப்பியர்கள் கட்டி இன்னும் நிக்கிற மிகப் பழைய கட்டடங்கள்ல ஒண்ணு.

கட்டினவர் ஜான் மக்காத்தர், பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1793-ல 100 ஏக்கர் நிலம் அவருக்கு இலவசமா கிடைச்சது. கொடுத்தது காலனி அரசு. யாரோட நிலம்ங்கிறதுக்கு அப்புறம் வரேன். முதல்ல கட்டினது 68 அடி நீளம், 18 அடி அகலத்துல ஒரு செங்கல் வீடு, அவ்வளவுதான். மனைவி எலிசபெத் பேரை வெச்சார்.

நம்ம பக்கத்துத் தொடர்பு ஒண்ணு இருக்கு. ஆஸ்திரேலியக் கம்பளின்னா எல்லாரும் மெரினோ ஆட்டைத்தான் சொல்வாங்க. ஆனா மக்காத்தர் 1794-ல முதல்ல வாங்கினது கல்கத்தாவுல இருந்து வந்த வங்காளச் செம்மறி, குட்டிகளோட சேர்த்து 60. அதுங்களுக்குக் கம்பளி கிடையாது, வெறும் முடி. அயர்லாந்து ஆட்டோட கலந்தப்போ முடியும் கம்பளியும் கலந்த குட்டி பிறந்துச்சு. ‘அட, இது வேலைக்காகும் போல’ன்னு அவருக்குத் தோணினது அங்கதான். மெரினோ 1797-ல தென்னாப்பிரிக்காவுல இருந்து கப்பல்ல வந்தது.

அதுக்கப்புறம் மனுஷன் ஊர்ல நிலையா இருக்கவே இல்ல. 1801-ல மேலதிகாரியோட துப்பாக்கிச் சண்டை போட்டதுக்காக இங்கிலாந்துக்கு அனுப்பிட்டாங்க. 1808-ல கவர்னர் பிளையைப் பதவியில இருந்து இறக்கின கலகத்துல முக்கியமான ஆள். அதனால 1809-ல இருந்து 1817 வரைக்கும் திரும்ப முடியல. இந்த வருஷங்கள்ல ஆடு, அறுவடை, கம்பளி ஏற்றுமதி, கைதிகள்கிட்ட வேலை வாங்குறது எல்லாத்தையும் பார்த்துக்கிட்டது எலிசபெத். ஆனா 1966-ல 2 டாலர் நோட்டு அடிச்சப்போ அதுல இருந்தது ஜானும் ஒரு மெரினோ ஆடும். ஆட்டுக்குக் கிடைச்ச இடம் அந்தம்மாவுக்குக் கிடைக்கல.

1881-ல பண்ணையை வித்துட்டாங்க. நிலம் துண்டு துண்டாச்சு, ஒரு பகுதியில குதிரைப் பந்தய மைதானம் வந்துச்சு. வீடு பாழடைஞ்சு கிடந்தது. 1904-ல வில்லியம் ஸ்வான்ங்கிறவர் வாங்கி, பெரிய குடும்பத்தோட குடிவந்தார். அவர் மகள்கள் 1968 வரைக்கும் அங்கயே இருந்தாங்க. இந்தக் கதையில எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான். சட்டமோ கமிட்டியோ வர்றதுக்கு முன்னாடி அந்த வீட்டைக் காப்பாத்தினது, தினமும் அங்க அடுப்பு மூட்டி, கூட்டிப் பெருக்கின ஒரு குடும்பம். ஆள் இல்லாத வீடு எவ்வளவு சீக்கிரம் விழும்னு, கிராமத்துல பூட்டிக் கிடக்கிற தாத்தா வீட்டைப் பார்த்தவங்களுக்குத் தெரியும்.

1984-ல மியூசியமா திறந்தாங்க. அங்கதான் நிஜமான சிக்கல். 1793-ல இருந்தது ஒரு சின்ன வீடு. 1820-கள்ல அதையே பெருசாக்கி மாத்திக் கட்டினாங்க. இன்னைக்கு நாம பார்க்கிற தாழ்ந்த கூரையும் அகலமான வராந்தாவும் இந்தியாவுல வெள்ளைக்காரங்க கட்டின பங்களாவை ஞாபகப்படுத்தும். அதுக்கு மேல ஸ்வான் குடும்பத்தோட அறுபது வருஷம். எங்க டீம் பாஷையில சொன்னா, எந்த வெர்ஷனுக்கு ரோல்பேக் பண்றது?

மக்காத்தர் குடும்பம் இருந்த காலத்தைத் தேர்ந்தெடுத்தாங்க. ஆனா அறைகளை அசல் பொருட்களால நிரப்பல. நாற்காலி, மேஜை, கட்டில் எல்லாம் அந்தக் காலத்தைப் பார்த்துச் செஞ்ச நகல். அதனால கயிறு கட்டித் தடுக்கல, ‘தொடாதே’ பலகையும் இல்ல. நாற்காலியில உட்காரலாம், புத்தகத்தைப் புரட்டலாம். அசல்னு சொல்றதுக்கு இருக்கிறது சுவர், தரை, மரவேலை, இந்த மாதிரிதான். எனக்கு இது ரொம்ப நேர்மையான முடிவாப் படுது. கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கிற ஒரிஜினலைவிட, நகல்னு சொல்லிட்டுக் கொடுக்கிற நாற்காலி மேல்.

சரி, யாரோட நிலம்? தாருக் மொழி பேசின புர்ரமட்டகல் மக்களோடது. பரமட்டாங்கிற பேரே அவங்ககிட்ட இருந்து வந்தது. விலாங்கு மீன் இருக்கிற இடம்னு அர்த்தம் சொல்றாங்க. உள்ளூர் ரக்பி அணி பேரு ஈல்ஸ்னு இருக்கிறதும் அதனாலதான். வீடு கட்டி நாலே வருஷத்துல, 1797 மார்ச்சுல, பெமுல்வுய்ங்கிற வீரர் டூங்காபி அரசுப் பண்ணையைத் தாக்கினார். ஆமா, இன்னைக்கு ஈழத் தமிழர்கள் நிறைய பேர் இருக்கிற அதே டூங்காபிதான். துரத்திட்டு வந்தவங்களோட பரமட்டாவுல மோதினார். ஏழு குண்டுச் சிதறல் பட்டு, காலில் விலங்கோட ஆஸ்பத்திரியில கிடந்து, அங்கிருந்து தப்பிச்சார். 1802-ல சுட்டுக் கொன்னு, தலையை இங்கிலாந்துக்கு அனுப்பினாங்க. அது இன்னும் திரும்பி வரல.

வீட்டைப் பாதுகாக்கிறதுல இருக்கிற பிரச்சினை இதுதான்னு நினைக்கிறேன். செங்கல் வெச்சுக் கட்டினவங்களுக்குச் சாட்சியா ஒரு வீடு நிக்குது. பெமுல்வுய்க்கு அப்படி ஒரு சுவர் கிடையாது. ஹாலுக்குள்ள ஒரு போர்டு வெச்சு அவரைப் பத்தி எழுதினாலும், அங்க அவர் மக்காத்தர் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரிதான் தெரிவார். அவர் கதையைச் சொல்றதுக்கு வீட்டை விட்டு வெளிய வந்து, ஆத்தங்கரைக்கும் டூங்காபிக்கும் போகணும்.

சிட்னியில இருக்கிறவங்க ஹாரிஸ் பார்க்குக்கு தோசை சாப்பிடப் போவீங்கல்ல? எலிசபெத் ஃபார்ம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். எல்லா நாளும் திறந்திருக்காது, பார்த்துட்டுப் போங்க. நாற்காலியில தைரியமா உட்காருங்க.