இராட்சதக் கணவாய் மனிதருக்கு ஆபத்தானதா? சாட்சியங்களின் மறுவாசிப்பு

1. வினா

டென்மார்க்கின் விலங்கியலர் யாபெட்டஸ் ஸ்டீன்ஸ்ட்ரப் 1857-இல் ஆர்க்கிடியூதிஸ் என்று பெயரிட்டு இராட்சதக் கணவாயை விலங்கியலுக்குள் கொண்டுவந்தார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, பெர்கன் நகர ஆயர் எரிக் பொன்டொப்பிடான் தம் நார்வே இயற்கை வரலாற்றில் (1752-53) கப்பல்களை நீருக்குள் இழுக்கவல்ல கிராக்கன் என்ற கடற்பூதத்தைப் பற்றி எழுதிவிட்டார். ஆக, அறிவியல் இந்த விலங்கை விசாரிக்கத் தொடங்கியபோதே அதன்மீது குற்றப்பத்திரிகை தயாராக இருந்தது. அதற்குப் பின் கிடைத்த ஒவ்வொரு சாட்சியமும் அந்தக் குற்றப்பத்திரிகையின் வெளிச்சத்திலேயே படிக்கப்பட்டது.

இக்கட்டுரை மூன்று முடிவுகளை முன்வைக்கிறது. இராட்சதக் கணவாய் மனித உயிரைப் பறித்ததாக ஐயமற நிறுவப்பட்ட நிகழ்வு ஒன்றுகூட இல்லை. தாக்குதல் என்று சொல்லப்படுபவற்றில் முதல் அடி பெரும்பாலும் மனிதருடையது. ஆபத்து உண்மையில் இருக்கிறது; ஆனால் அது நம்மிடமிருந்து அந்த விலங்கை நோக்கிச் செல்கிறது.

2. மூன்று கலங்களின் கதை

1861 நவம்பர் 30 அன்று, டெனரீஃப் தீவுக்கு அருகே, அலெக்டான் என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் நீர்மட்டத்தில் மிதந்த பெரிய கணவாய் ஒன்றைக் கண்டது. கப்பலிலிருந்தவர்கள் அதன்மீது சுட்டார்கள், எறியீட்டி வீசினார்கள், வாலில் கயிற்றுச் சுருக்கு மாட்டி இழுத்தார்கள். கயிறு சதையை அறுத்துக்கொண்டு போக, வால்துண்டு மட்டும் கப்பலுக்கு வந்தது, விலங்கு மூழ்கிவிட்டது. படகை இறக்கித் துரத்தலாம் என்று மாலுமிகள் கேட்டபோது, படகு கவிழக்கூடும் என்று அஞ்சித் தலைவர் பூயே மறுத்தார். தாக்குதல் முழுவதும் ஒரே பக்கத்திலிருந்து நடந்த நிகழ்வு இது. ஆயினும் ழூல் வெர்ன் 1870-இல் முடித்த கடலடி நாவலில் கணவாய்கள் மனிதரைத் தாக்குகின்றன. அந்நாவலின் வழியாகவே உலகம் இவ்விலங்கை அறிந்துகொண்டது.

இரண்டாவது நிகழ்வு 1873 அக்டோபரில், நியூஃபவுண்ட்லாந்தின் போர்ச்சுகல் கோவ் அருகே நடந்தது. பாதிரியார் மோசஸ் ஹார்வி எழுதிவைத்த விவரப்படி, தியோஃபிலஸ் பிக்கோ, டேனியல் ஸ்குவயர்ஸ் என்ற மீனவர்களும் டாம் பிக்கோ என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனும் படகில் இருந்தனர். மிதந்துகொண்டிருந்த ஏதோ ஒன்றைக் கப்பற்சிதைவு என்று நினைத்துக் கொக்கிக் கழியால் குத்தினார்கள். குத்துப்பட்ட பிறகே அது எழுந்து படகின்மேல் கைகளைப் போட்டது. சிறுவன் கோடரியால் வெட்டினான். விலங்கு மையைக் கக்கிவிட்டு நகர்ந்தது. வெட்டுண்ட துண்டை ஹார்வி வாங்கி அளந்தபோது அது 19 அடி இருந்தது. ஆர்க்கிடியூதிஸ் பற்றிய ஆய்வுக்கு அந்த அளவு ஒரு திருப்புமுனை. ஆனால் தாக்குதலுக்கு அது சான்றாகாது. குத்துப்பட்ட உயிர் கைக்கு எட்டியதைப் பற்றிக்கொண்டது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

மூன்றாவது கதை நம் கடலில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவது. 1874-இல் லண்டன் டைம்ஸ் வெளியிட்ட செய்தியின்படி, கொழும்பிலிருந்து சென்னைக்குப் போய்க்கொண்டிருந்த ஸ்ட்ராத்தோவன் என்ற நீராவிக் கப்பலில் இருந்தவர்கள், வங்காள விரிகுடாவில் பேர்ல் என்ற 150 டன் பாய்மரக் கப்பலை ஒரு கணவாய் கவிழ்த்ததைக் கண்டனர். பேர்லின் தலைவரே தாம் முதலில் துப்பாக்கியால் சுட்டதாகச் சொல்கிறார். சுட வேண்டாம் என்று அவரை எச்சரிப்பவர் நியூஃபவுண்ட்லாந்துக்காரர். போர்ச்சுகல் கோவ் செய்தி பரவிய சில மாதங்களுக்குள் வந்த கதையில் இப்படி ஒரு பாத்திரம் இடம்பெறுவது தற்செயல் என்று கொள்வது கடினம்.

இயற்பியலும் இக்கதைக்கு ஒத்துழைக்கவில்லை. முறையாக அளக்கப்பட்ட இராட்சதக் கணவாய்களின் எடை 300 கிலோவைத் தொடுவதில்லை. நான்கைந்து ஆட்களின் எடை என்று கொள்ளலாம். அதன் உடலோ நீரில் கிட்டத்தட்ட எடையற்று மிதப்பது. கப்பலைச் சாய்க்க வேண்டுமானால், நீருக்கு வெளியே தூக்கிப் போட்ட கைகளின் எடையால் மட்டுமே அது சாய்க்க வேண்டும். அந்த எடையில் பாய்மரக் கப்பல் கவிழாது.

3. எஞ்சும் இரு வழக்குகள்

மனிதர் சீண்டாமலே நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்வுகளை ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. 1941 மார்ச்சில் அட்லாண்டிக் கடலில் ஜெர்மானியத் தாக்குதலுக்கு உள்ளாகி பிரிட்டானியா என்ற கப்பல் மூழ்கியது. மிதவையைப் பற்றியபடி உயிர்பிழைத்த லெப்டினன்ட் காக்ஸ், தம்முடனிருந்த ஒருவரைக் கணவாய் இழுத்துச் சென்றதாகவும் தம் காலையும் அது பற்றியதாகவும் பின்னர் கூறினார். அவர் உடலில் வட்டத் தழும்புகள் இருந்தன. அவர் துன்பத்தை ஐயுற இடமில்லை. ஆனால் தழும்புகள் உறிஞ்சிகளுக்குச் சான்றாகலாமே தவிர, இனத்துக்குச் சான்றாகா. வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பில் இரவில் கூட்டமாக வேட்டையாடும் வேறு கணவாய்கள் உண்டு; ஆர்க்கிடியூதிஸ் அங்கு வாழ்வதில்லை.

2003 ஜனவரியில் மதேரா தீவுக்கு அப்பால், ஒலிவியே த கெர்சோசன் செலுத்திய ஜெரோனிமோ என்ற பந்தயப் படகின் சுக்கானை ஒரு பெரிய கணவாய் பற்றிக்கொண்டது. படகை நிறுத்தியதும் அது விட்டுவிட்டது. அசையும் பொருளைப் பற்றி, அசைவு நின்றதும் விடுவதைத் தாக்குதல் என்பதைவிடச் சோதிப்பு என்பதே பொருந்தும்.

4. உடல் சொல்லும் சாட்சியம்

மிகப்பெரிய ஆர்க்கிடியூதிஸ் 12, 13 மீட்டர் நீளம் இருக்கும். அதில் பெரும்பகுதி இரண்டு நீண்ட பற்றுக்கைகளுக்கே உரியது. தலையும் கைகளும் நீங்கலான உடல் இரண்டு மீட்டரைச் சற்றே தாண்டும். உறிஞ்சிகளின் விளிம்பில் பல்வரிசை கொண்ட வளையங்கள் உண்டு; கிளிமூக்குப் போன்ற அலகும் உண்டு. காயப்படுத்தும் கருவிகள் அதனிடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அந்த அலகுக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்க வேண்டும். கணவாயின் உணவுக்குழாய் வளைய வடிவ மூளையின் நடுவே ஊடுருவிச் செல்கிறது. பெரிய துண்டை விழுங்கினால் மூளை நசுங்கும். ஆகவே ஒவ்வொரு இரையையும் அலகால் சிறுகச் சிறுக நறுக்கி, அரம் போன்ற நாக்கால் தேய்த்தே உள்ளே அனுப்ப வேண்டும். ஆழ்கடல் மீன்களும் பிற கணவாய்களுமே அதன் வயிற்றில் கிடைக்கின்றன.

சதையில் நிறைந்துள்ள அம்மோனியம் குளோரைடு அதை நீரில் மிதக்கவைக்கிறது. குருதியில் ஆக்சிஜனைச் சுமப்பது செம்பு கலந்த ஹீமோசயனின். நீர் வெப்பமாக ஆக அந்தக் குருதியின் ஆக்சிஜன் சுமக்கும் திறன் கடுமையாகக் குறைகிறது என்று 1983-இல் வெளிவந்த பிரிக்ஸின் ஆய்வு காட்டியது. மேற்பரப்புக்கு வரும் இராட்சதக் கணவாய் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் விலங்கு. மனிதர் அதைச் சந்தித்ததெல்லாம் பெரும்பாலும் அந்த நிலையில்தான். சாகும் உயிரின் துடிப்பையே நாம் வெறியென்று பதிவுசெய்து வைத்திருக்கிறோம்.

5. அதன் வீட்டில் கண்டது

2004 செப்டம்பரில் ஜப்பானின் ஒகசவாரா தீவுகளுக்கு அருகே, சுனேமி குபோடெராவும் கியோயிச்சி மோரியும் 900 மீட்டர் ஆழத்தில் உயிருள்ள ஆர்க்கிடியூதிஸை முதன்முதலாகப் படமெடுத்தனர். அது இரையை நோக்கிப் பாய்ந்து பற்றியது. மந்தமான மிதவை உயிர் என்ற பழைய கருத்து அன்று தளர்ந்தது. தூண்டிலில் மாட்டிய பற்றுக்கை நான்கு மணிநேரத்துக்கு மேல் போராடியபின் அறுந்தது. மேலே வந்த ஐந்தரை மீட்டர்த் துண்டின் உறிஞ்சிகள் படகின் தளத்தையும் நீட்டிய விரல்களையும் பற்றிக்கொண்டே இருந்தன. விலங்கிலிருந்து பிரிந்தபின்னும் பற்றும் கையில் பகை ஏது?

2012 ஜூலையில் குபோடெரா மூவர் அமரும் நீர்மூழ்கியில் இறங்கினார். சுமார் 630 மீட்டர் ஆழத்தில், தூண்டிலாகக் கட்டியிருந்த கணவாயை ஒரு ஆர்க்கிடியூதிஸ் பற்றியது. விளக்கைப் போட்ட பிறகும் விடாமல் 23 நிமிடங்கள் தின்றது. 900 மீட்டர் வரை நீர்மூழ்கியும் அதனுடன் இறங்கியது. கண்ணாடிக்கு அப்பால் மூன்று மனிதர்கள் இருந்தும் அது இரையைத் தவிர வேறெதையும் தொடவில்லை. 2019-இல் மெக்சிகோ வளைகுடாவில் எடித் விடரும் நேதன் ராபின்சனும் சுமார் 759 மீட்டரில் பதிவுசெய்த கணவாய், ஒளிரும் செயற்கை இரையைத் தொட்டுப் பார்த்து, உணவல்ல என்று தெரிந்ததும் விலகிவிட்டது.

6. அளவும் ஆபத்தும்

‘இவ்வளவு பெரிய வேட்டைவிலங்கு ஆபத்தற்றதாக இருக்க முடியுமா?’ என்பதே பொதுவான எதிர்வாதம். கணவாய்களும் பேய்க்கணவாய்களும் அடங்கிய தலைக்காலிகளின் உலகம் இதற்கு நேர்மாறான விடை தருகிறது. மனிதரைக் கொன்றது உறுதிப்பட்ட தலைக்காலி, உள்ளங்கையில் அடங்கும் நீலவளையப் பேய்க்கணவாய். அதன் உமிழ்நீரில் உள்ள டெட்ரோடோடாக்சின் மூச்சுத் தசைகளை முடக்கிவிடும்; 1954-இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் அருகே ஒருவர் அதனால் இறந்தார். கிழக்குப் பசிபிக்கின் ஹம்போல்ட் கணவாய் 50 கிலோ வரை வளர்வது. மீனவர் விளக்கும் தூண்டிலும் போட்ட இடங்களில் மூழ்குநர்களைக் கடித்ததாகவும் இழுத்ததாகவும் அதைப் பற்றிச் செய்திகள் உண்டு. ஆபத்தை முடிவுசெய்பவை நஞ்சு, கூட்டமாக வேட்டையாடும் இயல்பு, மனிதர் புழங்கும் நீரில் வாழ்வது ஆகியவை. இம்மூன்றும் ஆர்க்கிடியூதிஸிடம் இல்லை.

7. ஆபத்தின் திசை

வடக்கு ஸ்பெயினின் அஸ்துரியாஸ் கடற்கரையில் 2001-லும் 2003-லும் இராட்சதக் கணவாய்கள் அடுத்தடுத்துக் கரையொதுங்கின. அதே காலத்தில் அருகிலிருந்த கடற்பகுதியில் ஆய்வுக் கப்பல்கள் கடலடித் தரையை அறியக் காற்றழுத்த வெடிப்புகளை நிகழ்த்திக்கொண்டிருந்தன. ஏஞ்சல் குவெர்ராவின் குழு, இறந்த விலங்குகளின் உள்ளுறுப்புகளும் சமநிலை உறுப்புகளும் சிதைந்திருந்ததைக் கண்டது. தாழ்அதிர்வெண் ஒலி வேறு நான்கு தலைக்காலி இனங்களின் சமநிலை உறுப்புகளைச் சிதைப்பதை 2011-இல் மிஷெல் ஆந்த்ரேயின் குழு ஆய்வகத்திலும் நிறுவியது. நாம் எழுப்பும் ஓசை, நம்மைத் தேடி ஒருபோதும் வராத உயிரை அதன் ஆழத்திலேயே சென்று கொல்கிறது என்று கருத வலுவான அடிப்படை உண்டு.

இதிலிருந்து நடைமுறைக் கடமை ஒன்று பிறக்கிறது. கடலடி ஒலி ஆய்வுகளுக்கு அனுமதி வழங்கும்போது திமிங்கிலங்களின் பாதுகாப்பு கருதப்படுகிறது. தலைக்காலிகளும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். கரையொதுங்கும் ஒவ்வொரு இராட்சதக் கணவாயின் சமநிலை உறுப்புகளும் உடனே பாதுகாக்கப்பட்டு ஆராயப்பட வேண்டும். கிராக்கன் மீதான அச்சம், இருநூற்றைம்பது ஆண்டுகளாக, நம் கேள்வியைத் தவறான பக்கம் திருப்பி வைத்திருந்தது. இந்த விலங்கு நம்மை என்ன செய்யும் என்ற வினாவுக்குச் சாட்சியங்கள் போதுமான விடை தந்துவிட்டன. நாம் அதை என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதே இனி ஆய்வுக்கு உரிய வினா.